ஒற்றை இலைப் பயிர்: கொங்கு மண்ணில் வீட்டுக்குச் சேனைக்கிழங்கு போடும் முறை

சேனைச் செடிக்கு ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரே ஓர் இலைதான். பார்த்தால் அப்படித் தெரியாது. பச்சையும் வெள்ளையுமாகப் புள்ளி போட்ட ஒரு தண்டு இடுப்பு உயரத்துக்கு நிற்கும். உச்சியில் மூன்றாகப் பிரிந்து குடை மாதிரி விரியும். அதில் நூறு இலை இருப்பது போல இருக்கும். ஆனால் அந்தத் தண்டு வெறும் காம்பு. மேலே விரிந்திருப்பது மொத்தமும் ஒரே இலை. கத்தரிச் செடியில் பத்து இலையைப் பூச்சி தின்றால் மிச்ச இலை காப்பாற்றிவிடும். சேனையில் அந்தக் காம்பு ஒடிந்தால் அந்த வருஷத்து வெள்ளாமையில் பெரும்பங்கு போயிற்று. கிழங்கில் மீதமிருக்கும் சத்தை வைத்து இன்னொரு இலை விடும் என்பது உண்மைதான், ஆனால் அப்படி விட்ட குழிகளில் எனக்குப் பாதிக் கிழங்குகூடத் தேறவில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நாங்கள் இருப்பது பல்லடத்துக்குத் தெற்கே, காற்றாலைக் காத்தாடி சுற்றும் சீமை. சித்திரையில் கிழங்கு வைத்தால் ஆனியில் இலை விரிகிறது. அதே ஆனியில்தான் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று புறப்பட்டு வருகிறது. கேரளத்தில் இருந்து எழுதப்பட்ட சாகுபடிக் குறிப்புகளில் இந்தக் காற்றைப் பற்றி ஒரு வரி இருக்காது, அவர்களுக்கு அது பிரச்சினையே இல்லை. நமக்கு அதுதான் முதல் பிரச்சினை. அதனால் கீழே எழுதியிருக்கும் எல்லாமே ஏதோ ஒரு வகையில் அந்த ஒற்றை இலையைக் காப்பாற்றும் வேலைதான்.

எந்தச் சேனை

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நாம் சேனை என்பதைச் சென்னைப் பக்கம் கருணை என்றே கேட்டு வாங்குவார்கள். பிடிகருணை வேறு, அது கைப்பிடிக்குள் அடங்கும் சிறிய கிழங்கு, காறலும் அதிகம். இங்கே பேசுவது யானைப் பாதம் மாதிரி தட்டையாக, பழுப்பாக இருக்கும் பெரிய சேனை.

இதில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று ஊர்ச் சேனை. மேல்தோல் கரடுமுரடாக, சுற்றிலும் குட்டிக்குட்டியாய் முளைகள் ஒட்டிக்கொண்டு இருக்கும். நாக்கு அரிக்கும். இரண்டாவது கஜேந்திரா. ஆந்திராவில் கோதாவரிக் கரையில் இருக்கும் கொவ்வூர் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்த ரகம் இது. உருண்டு திரண்டு, குட்டிகள் இல்லாமல் வழவழப்பாக இருக்கும். அரிப்பு ஏறத்தாழ இல்லை. இன்றைக்குச் சந்தையில் மழுமழுவென்று வருவதில் பெரும்பகுதி இந்த இனம்தான். திருவனந்தபுரத்தில் 1963-ல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீபத்மா என்ற ரகமும் உண்டு, அதையும் நம்பி வைக்கலாம்.

வீட்டுக்கென்றால் கஜேந்திராவே போதும் என்பது என் கட்சி. எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, இதை ஒத்துக்கொள்ள மாட்டார். கோபிசெட்டிபாளையம் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் வாழைக்கு நடுவே ஊர்ச் சேனை போட்டு வளர்ந்தவர் அவர். "அரிக்காத சேனையில என்ன சாமி ருசி இருக்குது" என்பார். ருசியில் அவர் சொல்வது சரி. ஆனால் குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரு தடவை தொண்டை அரித்துவிட்டால் அப்புறம் அந்தக் காய் ஆறு மாதத்துக்குத் தட்டில் விழாது.

விதைக்கிழங்கு: மாசியில் தேடத் தொடங்குங்கள்

தையிலும் மாசியிலும் சேனை தோண்டுவார்கள். தோண்டிய கிழங்கு உடனே முளைக்காது. இரண்டு மூன்று மாதம் தூங்கும். அந்தத் தூக்கம் கலையும்போது நடவுப் பட்டம் வந்துவிடும். அதனால் மாசிக் கடைசியில் உழவர் சந்தைக்கோ, கிழங்கு போட்டிருக்கும் தோட்டத்துக்கோ போய் முழுக்கிழங்காக வாங்குவது நல்லது. மளிகைக்கடையில் கீற்றுப் போட்டு விற்பதை விதைக்கு வாங்காதீர்கள். நடுமுளை இருக்கிறதா என்றே தெரியாது.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டியது மூன்று இடம். மேலே நடுவில் தொப்புள் மாதிரி ஒரு குழி, அதைச் சுற்றி வளையம், அதில் இளஞ்சிவப்பாய் ஒரு முளை. அது கெட்டியாக இருக்க வேண்டும். அழுத்தினால் அமுங்கக் கூடாது. அடுத்து, மடிப்புகளிலும் முளையின் அடியிலும் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது மாவுப்பூச்சி. சேமிப்பில் இருக்கும் சேனைக்கு முதல் எதிரி. கடைசியாக அடிப்பக்கம். கருத்து, ஈரம் கசிந்தால் அழுகல் தொடங்கிவிட்டது.

தோட்டத்திலேயே வாங்குவதில் ஒரு லாபம் உண்டு: செடி நிற்கும்போது போய் இலையைப் பார்த்து வைக்கலாம். இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து, ஓரம் சுருண்டிருந்தால் அது தேமல் நோய். நச்சுயிரி, கிழங்கு வழியாக அடுத்த வருஷத்துக்கும் வரும். மூன்றாவது வருஷம் நான் ஒரு கடையில் இருபது கிலோ வாங்கிவந்து வைத்ததில் பாதிக்கு மேல் தேமலோடு முளைத்தது. கிழங்கைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

எவ்வளவு பெரிய துண்டு

சந்தைக்குப் போடுகிறவர்கள் அரைக் கிலோவில் இருந்து ஒரு கிலோ வரை துண்டு வைப்பார்கள். மூன்றடிக்கு மூன்றடி இடைவெளி விடுவார்கள். இப்படிப் பெரிய துண்டு வைத்தால் வைத்ததைப் போல மூன்று நான்கு மடங்குதான் திரும்பக் கிடைக்கும் என்பதால், பெரிய கிழங்கு வேண்டுமென்றால் பெரிய துண்டு வைத்தே ஆக வேண்டும்.

வீட்டுக்கு எதற்குப் பெரிய கிழங்கு? நாலு பேர் இருக்கும் வீட்டில் மூன்று கிலோச் சேனையை அறுத்தால் ஒரு வேளைக்கு அரைக் கிலோ போகும், மிச்சம் வெட்டிய முகம் காய்ந்து கிடக்கும். அதனால் நான் இப்போது 100 கிராம் துண்டுகளைத்தான் நெருக்கமாக வைக்கிறேன், வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி. திருவனந்தபுரம் நிலையம் சிறு விதைத்துண்டு முறை என்று சொல்லிக்கொடுப்பதும் இந்த அளவைத்தான்.

கணக்கைப் பாருங்கள். தொண்ணூறு சதுர அடியில் அரைக் கிலோத் துண்டு என்றால் பத்துக் குழி. ஐந்து கிலோ விதை, இருபது கிலோ அளவில் பத்துக் கிழங்கு. அதே இடத்தில் 100 கிராம் துண்டு என்றால் முப்பது குழி, மூன்று கிலோ விதை. எனக்கு ஒவ்வொன்றும் முக்கால் கிலோவில் இருந்து ஒன்றேகால் கிலோ வரை வருகிறது. கிழங்கு ஒன்றை எடுத்தால் ஒன்றிரண்டு வேளைக்குச் சரியாகப் போகும். அதைவிட முக்கியம், காற்றில் நாலு இலை ஒடிந்தாலும் முப்பதில் நாலுதான். பத்தில் நாலு போன வருஷத்தை நான் மறக்கவில்லை. சின்ன துண்டில் வரும் இலையும் குட்டையாக இருக்கும். காற்று அவ்வளவாகப் பிடிக்காது.

அறுப்பது

உச்சியில் இருக்கும் வளையத்தின் நடுவில் கத்தியை வைத்து, பூசணிக்காய்க்குக் கீற்றுப் போடுவது போல மேலிருந்து கீழாக அறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் அந்த வளையத்தில் கொஞ்சமாவது இருக்க வேண்டும். அது இல்லாத துண்டைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், குழம்புக்கு ஆகும். ஊர்ச் சேனையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிகளை அறுக்காமல் அப்படியே வைக்கலாம். முழுக்குட்டி, வெட்டின துண்டைவிட முந்தி முளைக்கும், அழுகுவதும் குறைவு.

கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கத்தியும் கையும் ஈரம் இல்லாமல் இருக்கட்டும்.

அடுத்தது சாணிக்குளியல். புதுச் சாணியைத் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து, ஒரு கிலோ விதைக்கு 5 கிராம் கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, துண்டுகளை முக்கி எடுத்து, வெட்டு முகம் மேலே தெரிய நிழலில் ஒரு நாள் உலர்த்த வேண்டும். டிரைக்கோடெர்மா உரக்கடைகளில் பாக்கெட்டாகக் கிடைக்கும். தேதி பார்த்து வாங்குங்கள், அது உயிருள்ள பூஞ்சணம். கிடைக்காவிட்டால் சாணியும் சாம்பலும் மட்டும் போதும், ஆனால் உலர்த்துவதை மட்டும் விடாதீர்கள். வெட்டின முகம் காய்ந்து தோல் மாதிரி ஆகாமல் மண்ணுக்குள் போனால் கோடை மழை ஒன்று பெய்ததும் கூழாகிவிடும்.

இடம்

முழு வெயிலும் வேண்டாம், முழு நிழலும் வேண்டாம். தென்னந்தோப்பில் சேனை நன்றாக வருவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த அளவு நிழல் போதும். வீட்டில் என்றால் முருங்கைக்கோ பப்பாளிக்கோ கிழக்கே, சுவருக்கு கிழக்கே. ஏன் கிழக்கே என்றால் காற்று மேற்கில் இருந்து வருகிறது, மத்தியானத்துக்கு மேல் அடிக்கும் வெயிலும் அங்கிருந்துதான்.

மண்ணில் நமக்கு இரண்டு தலைவலி. செம்மண் காடு என்றால் பிரச்சினை இல்லை, தண்ணீர் வடிந்துவிடும். கரிசல் என்றால் ஐப்பசி மழையில் தண்ணீர் நின்று கிழங்கு அழுகும். அங்கே குழி வேண்டாம், ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு அதில் வையுங்கள். அடியில் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) இருக்கும் நிலத்திலும் மேட்டுப்பாத்திதான். சுக்கானில் கிழங்கு ஒரு பக்கம் அமுங்கி, கோணலாக வரும், இலையும் வெளுத்துப் போகும்.

குழியும் நடவும்

பெரிய துண்டுக்கு இரண்டடிச் சதுரத்தில் ஒன்றரை அடி ஆழக் குழி. 100 கிராம் துண்டுக்குத் தனித்தனிக் குழி வெட்ட வேண்டியதில்லை, பாத்தி முழுவதையும் ஒரு முழ ஆழத்துக்கு மம்மட்டியால் கொத்திவிட்டாலே போதும். பங்குனியில் கொத்திப்போட்டு வெயிலில் காயவிடுங்கள்.

பெரிய குழிக்கு இரண்டு கிலோ மக்கிய தொழுவுரம். மக்கியது என்றால் கையில் எடுத்தால் சாணி வாசம் வரக்கூடாது, மண் வாசம் வர வேண்டும். ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு, இரண்டு கைப்பிடி அடுப்புச் சாம்பல். சிறு துண்டுகளுக்கு இதில் கால்வாசி. மேல்மண்ணோடு கலந்து குழியை முக்கால் அளவுக்கு நிரப்பி, துண்டை முளை மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, நாலு விரற்கடை மண் மூடினால் போதும்.

இந்த ஆழத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, தெரிந்துகொண்டால் பிற்பாடு மண் அணைப்பதும் புரியும். நாம் வைக்கும் துண்டு பெரிதாவதில்லை. முதல் இலையை விடுவதற்குள் அது தன் சத்தையெல்லாம் கொடுத்துச் சுருங்கிப் போகிறது. இலையின் அடியில், பழைய துண்டுக்கு மேலே, புதுக் கிழங்கு ஒன்று உருவாகி அதுதான் பெருக்கிறது. அதாவது கிழங்கு வளர்வது நாம் வைத்த இடத்துக்கு மேலே. மேலோட்டமாக வைத்தால் புதுக் கிழங்கு மண்ணுக்கு வெளியே தலை நீட்டும்.

பட்டம் சித்திரை. கோடை மழை ஒன்று பெய்து மண் பதமானதும் வைப்பது சிறப்பு. மழைக்காகக் காத்திருந்து வைகாசி தாண்டிவிட வேண்டாம், கிணற்றுத் தண்ணீர் விட்டே வைத்துவிடலாம்.

வைத்த அன்றைக்கே மூடாக்கு. தென்னை ஓலை, கரும்புச் சோகை, காய்ந்த இலை, எது இருக்கிறதோ அதை அரை அடிக் கனத்துக்குப் பரப்பிவிடுங்கள். நம் சித்திரை வெயிலில் வெறும் மண் கொதிக்கும். மூடாக்குப் போட்ட பாத்தியில் கையை நுழைத்துப் பார்த்தால் தெரியும் வித்தியாசம். அடியில் வீட்டுத் திண்ணை மாதிரிக் குளிர்ந்திருக்கும்.

முளை வரும் வரை

ஒரு மாதம் ஒன்றும் தெரியாது. ஒன்றரை மாதம்கூட ஆகும். இந்த இடத்தில்தான் பொறுமையில்லாதவர்கள் தோண்டிப் பார்த்து முளையை ஒடிப்பார்கள். நானும் ஒடித்திருக்கிறேன்.

அதுவரை மண் லேசான ஈரத்தில் இருந்தால் போதும், வாரம் ஒரு தண்ணீர். சும்மா கிடக்கும் இடத்தில் தண்டுக்கீரையோ பச்சைப்பயறோ விதைத்துவிடலாம். சேனை இலை விரிவதற்குள் கீரை பறித்து முடித்திருப்பீர்கள். பயறு பிடுங்கும்போது மட்டும் கவனம்.

ஒரு நாள் காலையில் மூடாக்கைத் துளைத்துக்கொண்டு இளஞ்சிவப்பில் ஈட்டி மாதிரி ஒன்று நிற்கும். அது இலை, ஆனால் சுருட்டிய குடை மாதிரி உறைக்குள் இருக்கிறது. நாலைந்து நாளில் உறை கிழிந்து காம்பு விறுவிறுவென்று ஏறும். அந்த வாரத்தில் அந்தப் பக்கம் களைக்கொத்தையே எடுத்துப் போகாதீர்கள். களை இருந்தால் கையால் பிடுங்கலாம்.

ஆனி, ஆடிக் காற்று

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் விட்டுக்கொடுத்திருக்கும் இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று இறங்குகிறது. கேரளத்துக்கு மழை, நமக்குக் காற்று. வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை விடாது. சேனைக் காம்பு உள்ளே பஞ்சு மாதிரி, தண்ணீர் நிறைந்தது. முருங்கையைப் போல வளைந்துகொடுக்கத் தெரியாது. தலையில் குடை வேறு.

நான் செய்து பார்த்ததில் பலன் கொடுத்தவை இவை. பாத்திக்கு மேற்கே மூன்று வரிசை தீவனச் சோளம் சித்திரையிலேயே நெருக்கமாக விதைத்துவிடுவது. ஆனி பிறக்கும்போது அது ஆள் உயரம் நிற்கும். மாடு இருக்கும் வீட்டில் கோ-4 தீவனப்புல் ஒரு வரிசை இருந்தால் இன்னும் நல்லது, அறுக்க அறுக்க வரும். காற்று மாதங்களில் மட்டும் சேனைப் பக்கத்து வரிசையை அறுக்காமல் விட்டுவிடுங்கள். ஆமணக்கும் அகத்தியும்கூட ஆகும். சுவர் நல்லதுதான், ஆனால் சுவரின் முனையில் காற்று சுழித்துக்கொண்டு அடிக்கும், அந்த மூலையில் வைத்த செடிதான் எனக்கு முதலில் போனது. செடிகள் காற்றைச் சலித்து விடுகின்றன, சுவர் திருப்பி விடுகிறது.

பெரிய துண்டு வைத்த குழிகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். செடிக்கு ஒரு முழம் தள்ளி மூன்று குச்சி முக்கோணமாக ஊன்றி, காம்பு மூன்றாகப் பிரியும் கழுத்துக்கு ஒரு சாண் கீழே தேங்காய் நார்க் கயிற்றால் மூன்றையும் சுற்றிவர வேண்டும். காம்பைக் குச்சியோடு சேர்த்துக் கட்டக்கூடாது. கட்டினால் கட்டின இடத்திலேயே ஒடியும். காம்பு வளையத்துக்குள் சுதந்திரமாக ஆட வேண்டும், ஆனால் ஓர் எல்லைக்கு மேல் சாயக்கூடாது. பிளாஸ்டிக் கயிறு காம்பை அறுத்துவிடும்.

தண்ணீர், உரம், மண் அணைப்பு

சமவெளிக் கொங்கில் ஆண்டு மழை ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர். சேனை கேட்பது ஆயிரத்துக்கு மேல். மிச்சத்தை நாம்தான் விட வேண்டும். இலை விரிந்தபின் செம்மண்ணில் ஐந்து நாளுக்கு ஒருமுறை, கரிசலில் பத்து நாளுக்கு ஒருமுறை. திருப்பூர், பல்லடம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதையே விடுவதென்றால் இலையின் ஓரம் கருகும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்து மாற்றி மாற்றி விடுங்கள்.

ஆனிக் கடைசியில் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை களையெடுத்து, தொழுவுரம் ஒரு கூடை தூவி, மண்ணைச் செடியின் அடிக்கு இழுத்து அணைக்க வேண்டும். மம்மட்டி ஆழமாகப் போகக்கூடாது, வேர் மேலாகவே ஓடும். ரசாயன உரம் போடுகிறவர்கள் மூன்றடி இடைவெளிச் செடி ஒன்றுக்கு மொத்தமாக 15 கிராம் யூரியாவும் 15 கிராம் பொட்டாஷும் இந்த இரண்டு தடவையில் பிரித்துப் போட்டால் போதும், சூப்பர் பாஸ்பேட் 30 கிராம் குழியிலேயே. சாம்பல் நிறையக் கிடைக்கும் வீட்டில் பொட்டாஷுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கிழங்குக்குச் சாம்பல்சத்துதான் சோறு.

புரட்டாசி வாக்கில் பழைய இலைக்குப் பக்கத்திலேயே இரண்டாவது ஈட்டி வரலாம். அது நல்ல செய்தி. பழைய இலை அதற்கப்புறம் மஞ்சளாகிச் சாய்ந்தால் கவலைப்பட வேண்டாம்.

அழுகல்

ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் அடுத்த கண்டம். காம்பு மண்ணைத் தொடும் இடத்தில் பழுப்பாக ஒரு நைவு தெரியும். குனிந்து மண்ணை விலக்கிப் பார்த்தால் வெள்ளை நூல் படர்ந்திருக்கும், அதில் கடுகு கடுகாய்ப் பழுப்பு உருண்டைகள். கழுத்தழுகல் இது. நாலு நாளில் இலை மஞ்சளாகிச் செடி அப்படியே படுத்துவிடும். அந்தக் கடுகு மண்ணில் வருஷக்கணக்கில் கிடந்து மறுபடி முளைக்கும்.

படுத்த செடியை மண்ணோடு தோண்டி வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். கிழங்கு பெரிதாக இருந்தால் நல்ல பாகத்தை அன்றைக்கே சமைத்துவிடலாம். பக்கத்துச் செடிகளுக்கு டிரைக்கோடெர்மாவை மக்கிய சாணியோடும் வேப்பம்புண்ணாக்கோடும் கலந்து அடியில் போட்டு, மழைக்கு முன்பே வடிகால் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் ஒரு ராத்திரி நின்றால் போதும், இது வந்துவிடும். முதல் வருஷம் மழைத்தண்ணீர் சேர்வதற்காகவே பள்ளமான இடத்தில் வைத்தேன். ஏழு குழியில் ஐந்து அழுகியது. தண்ணீர் மிச்சம் பிடிக்கப் போய் விதையையும் விட்டேன்.

தேமல் வந்த செடியைக் கிழங்கு எடுத்துச் சாப்பிடலாம், விதைக்கு வைக்கக் கூடாது. ஒரே இடத்தில் வருஷா வருஷம் சேனை வைக்காமல் இரண்டு வருஷம் மாற்றுப்பயிர் போடுங்கள். வெள்ளாடு இந்த இலையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும், எங்கள் ஆடு ஒரு தடவை கடித்துவிட்டு வாயைத் தரையில் தேய்த்துக்கொண்டு நின்றது. பெருச்சாளிக்கு மட்டும் இந்தக் கூச்சம் கிடையாது.

இடம் இல்லாதவர்களுக்கு மூட்டை

மாடியிலோ சிமெண்ட் வாசலிலோ வைக்க வேண்டுமென்றால் 25 கிலோ அரிசிச் சாக்கு போதும். அடியில் நாலு ஓட்டை, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு தொழுவுரம், ஒரு பங்கு மக்கிய தென்னை நார்க்கழிவு. முதலில் சாக்கின் வாயைப் பாதிக்குச் சுருட்டிவிட்டு அரை உயரத்துக்கு நிரப்பி, 200 கிராம் துண்டு ஒன்றை வையுங்கள். இலை ஏற ஏறச் சுருளைப் பிரித்து மேலே மண் போட்டுக்கொண்டே வரலாம், மண் அணைப்பதும் அதிலேயே முடிந்துவிடும். மாடியில் காற்று இன்னும் கொடுமை என்பதால் தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே வையுங்கள்.

தோண்டுவது

மார்கழியில் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். இலை பழுத்து, காம்பு தொய்ந்து, கடைசியில் தானாகவே கழன்று விழும். அது விழுந்த இடத்தில் வட்டமாக ஒரு வடு இருக்கும், கிழங்கு அதற்கு நேர் கீழே. வைத்ததில் இருந்து எட்டு, ஒன்பது மாதம் ஆகியிருக்கும். அவசரத்துக்கு ஆறு மாதத்திலேயே ஒன்றிரண்டு எடுத்துச் சமைக்கலாம், ஆனால் தண்ணீர்ச்சத்து அதிகம், வைத்திருந்தால் கெட்டுவிடும்.

கடப்பாரையை வடுவில் இருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டு, சுற்றிலும் மண்ணை நெகிழ்த்தி, கையால் தூக்க வேண்டும். காயம்பட்டது முதலில் அடுப்புக்கு. மற்றதைக் கழுவாமல், ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, வேரை நீக்கி, நிழலில் ஒரு வாரம் ஆறவைத்து, காற்றோட்டமான இடத்தில் ஒற்றை வரிசையாகப் பரப்புங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் அடியில் இருப்பது வேர்த்து அழுகும்.

அரிப்பும் அடுப்பும்

சேனைக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியான படிகங்களாக இருக்கிறது. தோலிலும் நாக்கிலும் குத்துவது அதுதான். தோண்டி இரண்டு மாதம் ஆறவைத்த கிழங்கு குறைவாக அரிக்கும். தோலைத் தாராளமாகச் சீவி, நறுக்கியதைப் புளித்தண்ணீரிலோ மோரிலோ ஊறவைத்து, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பச்சையாக ஒரு துண்டுகூட வாயில் போடக்கூடாது. சிறுநீரகத்தில் கல் இருக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும்.

கிழங்கு எடுக்கும் தை மாதத்தில்தான் பழநிக்கு மாலை போடுகிறார்கள். கவிச்சி நின்ற வீடுகளில் மீனுக்குப் பதில் சேனை வறுவல். எங்கள் அம்மிச்சி, அம்மாவின் அம்மா, செய்வது இப்படி: அரை விரல் கனத்துக்குச் சதுரமாக நறுக்கி, புளித்தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து வடித்து, மிளகாய்த்தூள், மல்லித்தூள், சோம்பு, பூண்டு, கொஞ்சம் அரிசிமாவு எல்லாம் அரைத்துப் பூசி அரை மணி நேரம் வைப்பார். அப்புறம் இரும்புத் தோசைக்கல்லில் கடலை எண்ணெய் விட்டு, ஒவ்வொன்றாக அடுக்கி, சிறுதீயில், கிளறாமல், ஒரு பக்கம் கருஞ்சிவப்பாகி ஓரம் மொறுமொறுத்த பிறகே திருப்புவார். கூடவே அரிசிம்பருப்பு சாதமும் நெய்யும். வேறு குழம்பு வேண்டாம்.

அடுத்த சித்திரைக்கு

எடுத்ததில் நோயில்லாத செடியின் கிழங்காக, வளையம் கெட்டியாக இருப்பதாகப் பார்த்து ஐந்தாறைத் தனியே ஒதுக்குங்கள். வேப்பிலையும் காய்ந்த மணலும் பரப்பிய தரையில், முளை மேலே தெரிய வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டிப் பார்த்தால் மாவுப்பூச்சி ஆரம்பத்திலேயே கண்ணில் படும். பட்டால் வேப்பெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிடலாம்.

பெரிய கிழங்கு ஏதாவது ஒன்றைத் தோண்டாமல் மண்ணிலேயே இரண்டு மூன்று வருஷம் விட்டுவைத்தால், ஒரு சித்திரையில் இலைக்குப் பதில் பூ வரும். கருஞ்சிவப்பில், மடிப்பு மடிப்பாய், தரையோடு தரையாக, ஒரு சின்ன வாளி அளவுக்கு. வைக்கிறவர்கள் வீட்டுச் சன்னலில் இருந்து தள்ளி வைக்கவும். அழுகிய இறைச்சி நாற்றத்தால் ஈயையும் வண்டையும் கூப்பிட்டு மகரந்தம் மாற்றிக்கொள்ளும் பூ அது. எங்கள் வீட்டில் பூத்த அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க கண்ணு, உங்க பக்கம் எலி கிலி செத்துக் கெடக்குதுங்களா?" கூட்டிப்போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றவர், கிழங்கில் ஒரு குட்டி கிடைக்குமா என்று கேட்டு வாங்கிப் போனார்.